செபமும் பாட்டும் பந்தியும்: தமிழ்க் கிறித்தவர் சபை வாழ்வில் ஒரு நோக்கு

தமிழகத்தில் கிறித்தவத் திருச்சபை வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும், கடல் கடந்து வந்த பாதிரிமார்களின் வாழ்க்கையையும், அவர்கள் எழுப்பிய ஆலயங்களையும், ஆக்கியளித்த அகராதிகளையும் இலக்கணங்களையும் விரித்துரைத்துள்ளனர். அவர்தம் தமிழ்த் தொண்டு போற்றத் தக்கதே. எனினும் சபை என்பது கட்டடம் அன்று. பாதிரியார் மட்டுமே சபையும் அல்லர். விடியுமுன் விளக்கேற்றி வீட்டாரைக் கூட்டி வேதம் வாசித்த குடும்பத் தலைவன், எழுத்தறியாத மக்களுக்கு வசனங்களை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த உபதேசியார், உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடியைக் காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைத்த தாய் ஆகிய இவர்களைக் கொண்டே சபை நின்றது. இவர்களுடைய அன்றாட வழிபாடு எவ்வாறு அமைந்தது? இவர்கள் யாரோடு அமர்ந்து பாடினர்? யாரோடு அமர்ந்து உண்டனர்? இவ்வினாக்களைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

தமிழ் விவிலியத்தில் விசுவாசிகளின் கூடுறவைக் குறிக்க 'ஐக்கியம்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ஒன்றாதல் என்பது அதன் பொருள். சொல் எளிது. அச்சொல்லுக்குத் தமிழ் மண்ணில் பொருள் காண்பதற்கு இருநூறு ஆண்டுகள் போதவில்லை என்பதை வரலாறு காட்டுகிறது.

1706 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9 ஆம் நாள் சீகன்பால்கு, புளுச்சோ என்னும் செர்மானிய இளைஞர் இருவர் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கினர். அடுத்த ஆண்டு மே மாதம் அவர்களிடம் திருமுழுக்குப் பெற்ற முதல் ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாய் இருந்தவர்கள். தமிழகச் சீர்திருத்தத் திருச்சபையின் தலைவாயிலில் முதலில் நுழைந்தோர் இவர்கள் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். வந்த இருவரும் ஆலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர்கள். ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்வது மட்டும் சமயம் ஆகாது. நாள்தோறும் வேதம் வாசித்தலும், சிறு குழுவாகக் கூடிச் செபித்தலும், உள்ளத்தை ஆராய்தலும் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. அக்கொள்கை தமிழ் மண்ணிற்கு ஏற்றதாய் அமைந்தது. காலையும் மாலையும் வீட்டில் வழிபடுதல் தமிழர்க்குப் புதிதன்று அன்றோ? வழிபடு பொருள் மாறிற்று. விளக்கு வைக்கும் நேரம் மாறவில்லை.

அச்சுக்கூடம் வந்ததும் இவ்வழிபாடு நிலைபெற்றது. 1715 இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி முடிந்தது. அதனோடு 'ஞானப்பாட்டு' என்று பெயர் பெற்ற பாடல்களும் வந்தன. இவை செர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள். இசையும் செர்மானிய இசையே. இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஐரோப்பிய மெட்டில் அழுத்தம் விழும் இடத்தில் தமிழ்ச் சொல்லின் குறில் வந்து நின்றால் அதனை நெடிலாக நீட்டியே பாட வேண்டும். நெடில் வந்த இடத்தில் மெட்டு விரைந்தால் அது குறுகிவிடும். மாத்திரை பிறழ்ந்தால் தமிழில் பொருளே பிறழும். பின்னாளில் பப்ரிசியுசு போன்ற நல்ல தமிழறிஞர் இப்பாடல்களைச் செப்பம் செய்தும், கேட்போர் செவிக்கு அவை விருந்தினராகவே இருந்தன. பக்தியினால் மக்கள் அவற்றைப் பாடினர். தம்மை மறந்து பாடினர் என்று சொல்ல இயலாது.

ஊர்ப்புறங்களில் சபையைத் தாங்கியவர் உபதேசியாரே. பாதிரியார் ஓர் ஊருக்கு என்றேனும் ஒரு நாள் வருவார். பிறப்பிலும் இறப்பிலும், நோயிலும் வழக்கிலும் உடன் நின்றவர் உபதேசியார். அவர்களுள் கடலூரைச் சேர்ந்த ஆரோன் என்னும் வேளாளர் 1733 டிசம்பர் 28 ஆம் நாள் குருப்பட்டம் பெற்றுத் தமிழரில் முதல் லுத்தரன் போதகர் ஆனார். தஞ்சை மன்னர் படையில் வீரராய் இருந்த இராசநாயக்கன் என்பவர், தரங்கம்பாடியில் அச்சான வேதநூலைப் படித்துச் சபையில் சேர்ந்து உபதேசியார் ஆனவர். தஞ்சை நாட்டில் அவரைப் போல் உழைத்தவர் அந்நாளில் எவரும் இலர். ஆரோனுக்குப் பின் இரண்டாம் தமிழ்ப் போதகரைத் தெரிந்தெடுக்கும் காலம் வந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க உயர்குலத்துக் கிறித்தவர் இசையார் என்று பாதிரிமார் தயங்கினர். 1741 இல் தியோகு என்பவருக்குப் பட்டம் அளிக்கப்பட்டது. இராசநாயக்கன் இறுதி வரை உபதேசியாராகவே இருந்தார்.

அடிமைகளைக் கொண்டு தொடங்கிய சபை, முப்பத்து நான்கு ஆண்டுகளில் இந்நிலையை எய்திற்று. இதற்குப் பாதிரிமாரை மட்டும் குறை கூறுவது நேர்மை ஆகாது. சபையாரை மட்டும் குறை கூறுவதும் நேர்மை ஆகாது. இரு சாராரும் ஒருவரையொருவர் காரணம் காட்டிக் கொண்டனர் என்பதே உண்மை.

இனித் தஞ்சைக்கு வருவோம். சுவார்ட்சு பாதிரியார் 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியில் பணியாற்றி, 1778 முதல் தஞ்சையில் தங்கியவர். மணம் புரியாதவர். அவருடைய இல்லமே ஒரு சபையாய் விளங்கிற்று. காலையில் உபதேசியார்களைக் கூட்டிச் செபித்து ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் திரும்பி வந்தோர் சொல்வதைக் கேட்டு மீண்டும் செபித்து முடிப்பார். இந்த ஒழுங்கினிடையே வளர்ந்த சிறுவர் ஒருவர், பின்னர்த் தமிழ்க் கிறித்தவர் வழிபாட்டையே மாற்றி அமைத்தார். அவரே வேதநாயக சாஸ்திரியார்.

1774 இல் திருநெல்வேலியில் பிறந்த சாஸ்திரியார், சிறு வயதிலேயே சுவார்ட்சினால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டார். கருநாடக இசையும், குறவஞ்சியும், பள்ளும், கும்மியும், அம்மானையும் செழித்திருந்த தஞ்சையின் காற்றை அவர் சுவாசித்தார். தெருவில் கேட்ட இசையையெல்லாம் தம் சமயத்திற்கு ஆக்கினார். 'பெத்லகேம் குறவஞ்சி' அவ்வாறு எழுந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த கீர்த்தனைகள் பல அவரிடமிருந்து பிறந்தன. அவர்தம் 'ஜெபமாலை' இல்ல வழிபாட்டிற்குப் பெருந்துணை ஆயிற்று. மெட்டுக்காகச் சொல்லை நீட்டவும் குறுக்கவும் இனித் தேவை இல்லை. எழுத்தறியாத பாட்டியும் பல்லவியைப் பிடித்துக் கொள்வாள். ஏடு வேண்டாம், விளக்கும் வேண்டாம். சரபோசி மன்னர் அவரை ஆதரித்தார். சபையார் அவரைச் 'சுவிசேட கவிராயர்' என்று போற்றினர். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அவர் பாடல்கள் பாடப்படாத தமிழ்க் கிறித்தவ இல்லம் காண்பது அரிது.

இத்துணைப் பெருமைக்குரிய சாஸ்திரியாரின் வாழ்வில் வேறொரு பக்கமும் உண்டு. அதனை மூடி மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

சுவார்ட்சு 1798 இல் மறைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளில் புதிய பாதிரிமார் தஞ்சைக்கு வந்தனர். பழைய பாதிரிமாரைப் போல் இவர்கள் ஊர் வழக்கங்களுக்கு இடங்கொடுக்க விரும்பவில்லை. தஞ்சைச் சபையார் வெகுண்டனர். சாஸ்திரியார் அவர்களுக்கு எழுதுகோலாய் நின்றார். புதிய பாதிரிமார் மீது அவர்கள் சாட்டிய குற்றங்கள் நான்கு. பப்ரிசியுசின் பழைய வேதமொழிபெயர்ப்பை விலக்கிப் புதிய திருத்தத்தைப் புகுத்தினர் என்பது ஒன்று. நற்கருணையின்போது எல்லாக் குலத்தாரையும் கலந்து அமரச் செய்தனர் என்பது மற்றொன்று. மணத்திலும் சாவிலும் திருவிழாவிலும் பூவும் ஒப்பனையும் கூடாது என்று தடுத்தனர் என்பது பின்னொன்று. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடக் கூடாது என்றனர் என்பது நான்காவது.

கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு, நியாயமான கோரிக்கையும் நியாயமற்ற கோரிக்கையும் ஒரே விண்ணப்பத்தில் கட்டப்பட்டு வருவது புதிதன்று. ஆயினும் இவ்விண்ணப்பம் நம்மைத் திகைக்க வைக்கிறது. மணமகள் தலையில் பூச்சூட்டுவதைத் தடுக்கப் பாதிரியாருக்கு என்ன உரிமை? தமிழன் தமிழ் இசையில் இறைவனைப் பாடக் கூடாது என்று சொல்ல அவர் யார்? இவ்விரண்டிலும் சாஸ்திரியார் பக்கமே நாம் நிற்கிறோம். மொழிபெயர்ப்பைப் பற்றிய வழக்கு இன்றும் தீராத வழக்கு. ஆனால் ஒரே பந்தியில் அமர மறுத்ததை என்னென்பது? பூவையும் பாட்டையும் போலப் பந்தியில் வேற்றுமை காப்பதும் நாட்டு வழக்கமே, சமயத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை என்று அவர்கள் வாதாடினர். நாட்டு வழக்கங்களில் காக்கத் தக்கது எது, கைவிடத் தக்கது எது என்று பிரித்தறியும் கண் அவர்களுக்கு வாய்க்கவில்லை. எதிரே நின்ற பாதிரிமாருக்கும் அந்தக் கண் இல்லை. அவர்கள் குலவேற்றுமையையும் கீர்த்தனையையும் ஒரே கூடையில் வாரிக் குப்பையில் கொட்டப் பார்த்தனர்.

1833 இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் குலவேற்றுமை உடனடியாகவும் அடியோடும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் சபைகள் பிளந்தன. பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். பின்னர்த் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் சங்கத்தார் இவ்வகையில் மெல்ல நடக்கும் கொள்கை உடையவர். வெளியேறியோரில் பலர் அவர்களிடம் சேர்ந்தனர். வில்சனின் ஆணை நீதியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆணையினால் பாய்களை அருகருகே விரிக்கச் செய்யலாம். அப்பாய்களில் வந்து அமருமாறு செய்ய அதனால் இயலவில்லை.

மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சங்கத்தார் வேறு வழியை மேற்கொண்டனர். 1847 இல், குலவேற்றுமையை விட்டதற்கு அடையாளமாகச் சபையாரும் உபதேசியாரும் 'அன்பின் விருந்தில்' ஒன்றாய் அமர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தனர். உண்ண மறுத்த உபதேசியார் பலர் பணியை இழந்தனர். ஆதித் திருச்சபையில் அன்பின் விருந்து என்பது தானே மலர்ந்த வழக்கம். மதுரையில் அது தேர்வாயிற்று. இலையில் இடப்பட்ட சோற்றை உண்கிறானா இல்லையா என்று பார்த்து ஒருவனுடைய உள்ளத்தை அளந்தனர். இம்முறையால் நன்மை விளையவே இல்லை என்று நாம் கூறவில்லை. வேறு எவ்வழியால் அத்தடையை உடைத்திருக்கக் கூடும் என்று கேட்டால் விடை கூறுதல் எளிதன்று. எனினும் தேர்வுக்காக உண்ட சோறு நாவில் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

இனி வருவது வியப்புக்குரியது. அதே அமெரிக்கச் சங்கத்தைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் தமிழ் யாப்பையும் இசையையும் முயன்று கற்றார். செர்மானிய மெட்டிலும் ஆங்கில மெட்டிலும் தமிழர் உள்ளம் இளகாது என்பதை உணர்ந்தார். 1853 இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அத்தொகுப்பின் பெரும்புலவர் வேறு யாரும் அல்லர், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே! விருந்தில் உண்ண மறுத்தவரைப் பணிநீக்கிய சங்கம், தனிப்பந்திக்கு வாதாடிய புலவரின் பாடலை எல்லாச் சபைகளுக்கும் வழங்கிற்று. அந்நூல் சென்ற இடமெல்லாம், சாஸ்திரியார் யாரோடு அமர மறுத்தாரோ அம்மக்களின் வாயிலும் அவர் பாட்டே ஒலித்தது. எந்த வீட்டில் எழுந்த பாட்டு என்று சேரியில் எவரும் கேட்கவில்லை. மனிதர் கடக்க அஞ்சிய எல்லையைப் பாட்டு முன்னரே கடந்து சென்றுவிட்டது.

திருநெல்வேலிச் சீமையில் சபை வாழ்வு வேறு வகையாய் வளர்ந்தது. அங்கு அதன் தொடக்கம் ஒரு பெண்மணியிடம் இருந்தது. குளோரிந்தா என்னும் அந்தணக் கைம்பெண் 1778 இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்சிடம் திருமுழுக்குப் பெற்றார்; 1785 இல் அங்கே ஓர் ஆலயமும் எழுப்பினார். தென்பகுதியில் புதிதாய்ச் சபையில் சேர்ந்தோர் ஊராரின் துன்புறுத்தலுக்கு ஆளாயினர். அவர்கள் வேறு நிலம் வாங்கிக் குடியேறி 1799 இல் அமைத்த ஊருக்கு முதலூர் என்று பெயரிட்டனர். அதன் பின்னர் நாசரேத்து, மெஞ்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேசபுரம் என்று தேரிமணலிடையே ஊர்கள் எழுந்தன. 1820 இல் அங்கு வந்த இரேனியுசு பாதிரியார் ஊர்தோறும் செபவீடும் பள்ளியும் ஏற்படுத்தினார். காலையும் மாலையும் மணி ஒலிக்கும்; உபதேசியார் வேதத்தை வாசித்து விளக்குவார்; மக்கள் வசனங்களை மனனம் செய்வர்.

அவ்வூர்களில் வளர்ந்த வழக்கங்கள் சில இன்றும் நிலைத்துள்ளன. பிடியரிசிக் காணிக்கை அவற்றுள் ஒன்று. கையில் காசு இல்லாத பெண்ணும் தன் வீட்டுப் பானையிலிருந்து ஒரு பிடி கொடுக்க இயலும். நாள்தோறும் எடுத்து வைத்த அரிசி ஞாயிறன்று ஆலயத்தில் சேரும். அது விலையாகி உபதேசியாரின் ஊதியமும் ஆலயத்தின் ஓடும் ஆகும். விளைச்சல் முடிந்தபின் வரும் தோத்திரப் பண்டிகையில் முதற்பலன்களைப் படைப்பர். வாழைத்தாரும் ஆட்டுக்குட்டியும் ஏலத்தில் போகும். எல்லாவற்றினும் சிறந்தது 'அசனம்' என்னும் பொதுவிருந்து. ஊரார் கூடிச் சமைத்து, செல்வரும் வறியவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர். வேலைக்காக எந்தத் திசைக்குச் சென்றவராயினும் அசனத்திற்கு ஊர் திரும்பிவிடுவர்.

அசனத்தைப் போற்றும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. அவ்வூர்களிற் பல ஒரே குலத்தார் குடியிருந்த ஊர்கள். செல்வர் வறியவர் என்னும் வேற்றுமையை அப்பந்தி வென்றது. அதனினும் கொடிய வேற்றுமையைச் சந்திக்கும் தேவை பல ஊர்களில் அதற்கு நேரவில்லை.

அவ்வேற்றுமையை நேருக்கு நேர் சந்தித்த ஊர் ஒன்று அதே மாவட்டத்தில் உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தை அறியாதவர் தென்பாண்டியில் குறைவு. 1872 இல் எழுந்த அவ்வாலயத்திற்கு இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் பீடத்தில் வந்து கூடும். நடுவே சுவர். ஒருபுறம் ஒரு குலத்தார், மறுபுறம் பிறர். பீடத்தில் நின்ற குருவை இரு சாராரும் காண்பர்; ஒருவரை ஒருவர் காணார். கால்சட்டைக் கோயில் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நமக்கு நகை வரவில்லை. 1910 இல் கௌசானல் என்னும் சேசு சபைக் குரு அச்சுவரை இடித்தார். உயர்குலத்தார் நீதிமன்றம் ஏறினர். சுவரை மீட்க அவர்களால் இயலவில்லை.

அதே 1910 இல், அதே மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா என்னும் இளைஞர் எடின்பரோ நகரில் உலக மாநாடு ஒன்றில் பேச எழுந்தார். ஐரோப்பியப் பாதிரிமாரின் தியாகங்களை இந்தியத் திருச்சபை மறவாது. ஆயினும் எங்களுக்கு வேண்டுவது நட்பு என்ற பொருள்பட அவர் பேசியது அவையை அதிர வைத்தது. வெள்ளையரும் இந்தியரும் ஒரே பணியில் இருந்தும் நண்பராய்ப் பழகவில்லை என்பதே அவர்தம் குறை. நம்மவர் கட்டிய சுவர் ஒன்று. ஐரோப்பியர் கட்டிய சுவர் மற்றொன்று. இரண்டும் ஒரே ஆண்டில் அடிபட்டன. அசரியா 1912 இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு முன்பே, 1903 இல் திருநெல்வேலிச் சபையார் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்திற்கு அவர் தூணாய் நின்றார். இந்தியர் பொருளால், இந்தியர் உழைப்பால் நடந்த அச்சங்கம், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தமிழரை அனுப்பிற்று. அவர்கள் தெலுங்கைக் கற்று அம்மக்களிடையே வாழ்ந்தனர்.

திருப்பத்தூரில் 1921 இல் சேசுதாசன், பாரஸ்டர் பேட்டன் என்னும் மருத்துவர் இருவர் நிறுவிய கிறித்துகுல ஆசிரமத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்தியரும் வெள்ளையருமான அவ்விருவரும் கதர் உடுத்தி, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, வேளைதோறும் ஒன்றாய்ச் செபித்து, ஒரே பந்தியில் உண்டனர். எடின்பரோவில் கேட்கப்பட்ட நட்பு திருப்பத்தூரில் நடைமுறைக்கு வந்தது எனலாம்.

இவ்வடபுலத்து நகரங்களிலும் தமிழ்க் கிறித்தவர் கூடி வாழ்கின்றனர். தஞ்சையில் பிறந்தவரும், நாசரேத்தில் பிறந்தவரும், நாகர்கோவிலில் பிறந்தவரும் அரசாங்கக் குடியிருப்புகளில் அண்டை வீட்டாராய் அமைகின்றனர். ஊரில் இருந்திருந்தால் லுத்தரன் ஒருவர், தென்னிந்தியத் திருச்சபையார் ஒருவர் என்று வெவ்வேறு ஆலயம் சென்றிருப்பர். இங்கே வாரம் ஒரு வீடு என்று முறைவைத்துச் செபக்கூட்டம் நடத்துகின்றனர். நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டுச் சமுக்காளம் விரிப்பர். ஒரே அறை, யார் எந்தப் பக்கம் அமர்வது என்று பார்க்க இடமும் இல்லை. பின்னால் வந்தோர் அடுக்களை வாயிலில் நின்றுகொள்வர். பாட்டு தொடங்கும், அது பெரும்பாலும் சாஸ்திரியாரின் பாட்டாகவே இருக்கும். அடுத்த வீட்டு வைணவ அன்பர் இராகத்தைக் கேட்டுச் சன்னலருகே வந்து நிற்பதும் உண்டு.

வேதம் வாசித்து, நோயாளிகளுக்காகவும் தேர்வெழுதும் பிள்ளைகளுக்காகவும் செபித்து, பரமண்டல செபத்தோடு கூட்டம் முடியும். பிறகு தேநீர் வரும். பெண்ணுக்கு மணமகன் தேடும் பெற்றோர், அப்போதுதான், ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று மெல்ல விசாரிக்கத் தொடங்குவர்.